மாலையை எதில் கோர்ப்பது? நூல், கம்பி, எலாஸ்டிக்: ஓர் ஒப்பீடு

மணி கோர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது நிறத்தைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ அல்ல, "எதில் கோர்ப்பது?" என்பதைத்தான். பட்டு நூல்தான் நல்லது என்கிறார் ஒருவர், கம்பியில் போட்டால் அறவே அறாது என்கிறார் இன்னொருவர், எலாஸ்டிக் இருக்கும்போது கொக்கி எதற்கு என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் அவரவர் செய்யும் நகைக்குச் சரி. உங்கள் கையில் இருக்கும் மணிக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

விற்கத் தொடங்கிய முதல் வருடம் பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளை நல்ல நைலான் நூலில் கோர்த்து ஒரு மாலை கொடுத்தேன். ஐந்தே வாரத்தில் ஒரு உறைக்குள் உதிரி மணிகளாகத் திரும்பி வந்தது. வாங்கியவர் இழுத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். நூலின் முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அது இழுபட்டு அறுந்த முனையாக இல்லை, சீவி எடுத்தது போல ஒரு பக்கமாகத் தேய்ந்து இழை இழையாக நின்றது. மணித்துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. கழுத்து திரும்பும் ஒவ்வொரு முறையும், மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும், ஒரு சின்ன ரம்பம் போல. அன்றிலிருந்து சுருளின் மேல் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை நான் கடைசியாகத்தான் படிக்கிறேன். மாலை பெரும்பாலும் பாரத்தால் அறுவதில்லை, உராய்ந்துதான் அறுகிறது.

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

முதலில் துளை. அதன் அகலமும் விளிம்பும் இரண்டுமே முக்கியம். முத்துக்களின் துளை பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.6 முதல் 0.8 வரை இருக்கும். அதற்குள் தடித்த எதுவும் போகாது. கிரிஸ்டல், பட்டை தீட்டிய கண்ணாடி, கல், உலோக மணி இவற்றின் துளை விளிம்பு கூராக இருக்கலாம். சோதிப்பது எளிது: ஒரு மணியைத் தனியாக நூலில் போட்டு, நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மணியை ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நூலில் பிசிறு எழுந்தால் அந்த மணிக்கு அந்த நூல் ஆகாது.

அடுத்து எடை. இதைக் கண்ணால் மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். 8 மி.மீ. உருண்டைக் கண்ணாடி மணி ஒன்று சுமார் 0.7 கிராம்தான், ஒரு மாலைக்கு 55 மணி என்றால் 40 கிராமுக்குள் அடங்கிவிடும். அதே நீளத்துக்கு 12 மி.மீ. ஹெமடைட் மணி 37 போட்டால் 170 கிராமைத் தாண்டிவிடும், ஏனென்றால் அந்தக் கல் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு அடர்த்தி. இரண்டும் மேசையில் கிடக்கும்போது ஒரே மாதிரி மாலைதான்.

மூன்றாவது, எங்கே அணிகிறார்கள். கழுத்தில் கிடக்கும் மாலை ஓரளவு அமைதியாக இருக்கும். கையில் போடுவது மேசை விளிம்பில் இடிக்கும், தண்ணீரில் நனையும், சோப்புப் படும், ஒரு நாளைக்கு இருபது தடவை எதிலாவது உரசும். கழுத்துக்கு இரண்டு வருடம் வந்த நூல் கைக்கு நான்கு மாதம் வந்தாலே பெரிது.

நான்காவது, அறுந்தால் என்ன ஆகும், யார் சரி செய்வார்கள். விற்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சில பொருட்கள் அறுவதற்கு முன்பே தொய்வு, பிசிறு, இடைவெளி என்று எச்சரிக்கும். சில ஒன்றும் சொல்லாமல் ஒரே நொடியில் போய்விடும்.

மாலை விழும் அழகும், செய்ய ஆகும் நேரமும் இவற்றுக்குப் பிறகுதான். விழும் அழகு பிந்தி வருவதில் எனக்கே கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் உதிர்ந்துபோன மாலை எப்படி விழுந்தால் என்ன?

## பட்டு நூல்

பட்டில், மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்த மாலை கழுத்தில் விழுவது போல வேறு எதுவும் விழாது. உடம்போடு வளைந்து கொடுக்கும். முடிச்சு இரண்டு வேலை செய்கிறது: மணியும் மணியும் உரசாமல் காக்கிறது, அறுந்தாலும் ஒன்றிரண்டு மணியோடு இழப்பு முடிந்துவிடுகிறது. முத்து மென்மையானது, ஒன்றோடொன்று தேய்ந்தால் அதன் மேற்பூச்சு போய்விடும். அதனால் முத்துக்கு இந்த முடிச்சு அழகுக்காக மட்டும் இல்லை.

அட்டையில் சுற்றி, நுனியில் ஊசியும் சேர்த்தே வரும் பட்டு நூல் வாங்கினால் ஆரம்பத்தில் சுலபம். எண் ஏற ஏறத் தடிமன் ஏறும். 2ஆம் எண் 0.45 மி.மீ., 4ஆம் எண் 0.60 மி.மீ. துளைக்குள் நூல் கொஞ்சம் இறுக்கமாகப் போக வேண்டும், முடிச்சு துளைக்குள் நழுவக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சரியான எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு அட்டை வாங்கிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும், அதுவும் செலவுதான்.

மறைந்திருக்கும் செலவில் பெரியது நேரம். 6 மி.மீ. முத்தில் 45 செ.மீ. மாலை என்றால் ஏறக்குறைய 67 முத்து, 66 முடிச்சு. எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது, அதுவும் பல வருடம் பழகிய பிறகு. முடிச்சுகளே மாலையின் நீளத்தில் 4, 5 செ.மீ. சேர்த்துவிடும், அதைக் கணக்கில் எடுக்காமல் மணியை எண்ணி வைத்தால் கடைசியில் கழுத்துக்குப் பொருந்தாத நீளத்தில் நிற்பீர்கள். அப்புறம், பட்டு நீளும். அணிய அணிய முடிச்சுக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி தெரியும், வியர்வையும் வாசனைத் திரவியமும் ஏறி நூல் பழுக்கும், நனைந்தால் வலுவும் குறையும். அடிக்கடி அணியும் முத்து மாலையை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி கோர்க்க வேண்டும். இதை விற்கும்போதே சொல்லாவிட்டால், வாங்கியவர் அதைக் குறையாகத்தான் பார்ப்பார்.

கொக்கியோடு சேரும் இடத்தில்தான் பட்டு முதலில் அறும். அந்த வளைவில் மெல்லிய சுருள் கம்பிக் குழாய் ஒன்றை நுழைத்து நூலை மூடிவிடுங்கள். இதைச் செய்யாத பட்டு மாலையை நான் வாங்கவே மாட்டேன். கூர் விளிம்புள்ள கிரிஸ்டலுக்கும் உலோக மணிக்கும் பட்டு வேண்டவே வேண்டாம்.

## நைலான், பாலியஸ்டர் நூல்

பட்டு மாதிரியே முடிச்சுப் போடலாம், தண்ணீருக்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம், நிறங்கள் ஏராளம். தினமும் கழற்றாமல் போட்டுக்கொள்பவருக்கு முடிச்சு மாலை வேண்டுமென்றால் நான் பட்டை விட்டு இதற்குத்தான் போவேன். வழவழப்பான துளையுள்ள கண்ணாடி, மரம், விதை மணிகளுக்கு நன்றாக உழைக்கும்.

நைலான் இழுத்தால் நீளும், அதனால் கோர்க்கும் முன்பே கையளவு கையளவாக இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் இரண்டே வாரத்தில் தொய்வு தெரியும். பாலியஸ்டர் அந்த அளவு நீளாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீன் பிடிக்கும் ஒற்றை நரம்பு இருக்கிறதே, கண்ணாடி போலத் தெரியும் அது, மலிவாகவும் ஊசியே இல்லாமல் கோர்க்க வசதியாகவும் இருப்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். வெயில் பட்டுப் பட்டு அது மொரமொரப்பாகி ஒரு நாள் சட்டென்று உடையும், வளைத்த வளைவு மாறாமல் மாலை முறுக்கிக்கொண்டு நிற்கும், முடிச்சும் நழுவும். பழகிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் நகையில் போட வேண்டாம்.

## பின்னல் தூண்டில் நூல்

இதுவும் மீன் பிடிக்க வந்த பொருள்தான், ஆனால் அந்த நரம்பு வேறு, இது வேறு. பாலிஎத்திலீன் நுண்ணிழைகளைச் சேர்த்துச் செய்வது. 0.15 மி.மீ. தடிமனில் வியக்கத்தக்க வலு, கிட்டத்தட்ட நீளவே நீளாது. 11/0 என்ற அளவு எண்ணில் விற்கும் சிறு மணிகள் சுமார் 2 மி.மீ. விட்டத்தில்தான் இருக்கும், ஒரே மணிக்குள் நூல் மூன்று நான்கு தடவை போய் வர வேண்டும், அந்தப் பின்னல் வேலைக்கு இதுதான் என் முதல் தேர்வு. கூர் விளிம்பையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். குழல் மணி போட்டால் மட்டும் அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சிறு மணி வைத்துவிடுங்கள், வெட்டிய கண்ணாடி முனை எந்த நூலையும் விட்டுவைக்காது.

சாம்பல் நிறச் சுருளில் இருக்கும் பூச்சு விரலில் ஒட்டும், வெள்ளை மணியில் கறையாகத் தெரியும். ஈரத் துணியால் நூலை ஒருமுறை உருவிவிட்டுத் தொடங்கினால் போதும். வழுக்கும் நூல் என்பதால் முடிச்சைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிப் போட வேண்டும். கனமான ஒற்றைச் சர மாலைக்கு இதை நான் பயன்படுத்துவதில்லை, இவ்வளவு மெல்லிய நூல் பெரிய துளைக்குள் அங்குமிங்கும் ஓடி மணியெல்லாம் ஆடும்.

## எஃகு இழைக் கம்பி

பீடிங் வயர் என்று கேட்டால் கிடைப்பது. முடி போன்ற எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. 7, 19, 49 என்று இழைக் கணக்கில் வரும். இழை கூடக் கூட வளைவு கூடும், விலையும் கூடும். விற்பனைக்குச் செய்பவர்கள் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். 7 இழைக் கம்பியில் கோர்த்த மாலை கழுத்தில் விழாமல் வளையமாக நிற்கும், ஒருமுறை மடங்கிய இடம் திரும்ப நேராகவே ஆகாது. 49 இழை கிட்டத்தட்ட நூல் போலவே விழும்.

கல், கிரிஸ்டல், உலோகம், கனமான எதற்கும் இதுதான் பதில். முடிச்சில்லை, ஊசியில்லை, இருபது நிமிடத்தில் ஒரு மாலை முடிந்துவிடும். ஆனால் நகையின் உயிர் கம்பியில் இல்லை, இரு முனையிலும் கம்பியைக் கொக்கியில் மாட்டித் திருப்பி மடித்து, பிடித்துக்கொள்ள அழுத்தும் கிரிம்ப் என்ற சிறு உலோகக் குழாயில் இருக்கிறது. கம்பி அறுந்து திரும்பி வந்த மாலை என்னிடம் மிகக் குறைவு, கிரிம்ப் நழுவி வந்தவைதான் அதிகம். குழாயின் அளவு கம்பிக்குப் பொருந்த வேண்டும், உள்ளே இரண்டு கம்பியும் குறுக்கிடாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும், அதற்கென்று உள்ள குறட்டில் முதலில் பள்ளம் விழ அழுத்தி, பிறகு அடுத்த பள்ளத்தில் வைத்து உருட்டி மடிக்க வேண்டும். சாதாரணக் குறட்டால் தட்டையாக நசுக்கினால் விளிம்பு கூராகிக் கம்பியையே வெட்டும், கழுத்தையும் கீறும். ஆக, அந்தக் குறடும் நல்ல குழாயும் சேர்த்ததுதான் இதன் உண்மையான விலை.

இன்னொன்று, எல்லாரும் செய்யும் தவறு: இடைவெளியே தெரியாமல் கம்பியை இழுத்து இறுக்குவது. வளையும்போது மணிகளுக்கு இடம் வேண்டும். 2, 3 மி.மீ. தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் மணி விளிம்பு கம்பியின் நைலான் பூச்சை ஒவ்வொரு நாளும் அழுத்தித் தேய்க்கும்.

இது அறாது என்பதே ஒரு சமயம் ஆபத்து. எதிலாவது மாட்டிக்கொண்டால் நூல் அறுந்து விடும், இது கழுத்தை இழுக்கும். சிறு குழந்தை கழுத்துக்கு எந்த மாலையும் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய பிள்ளைகளுக்குச் செய்தால், இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி போடுங்கள்.

## எலாஸ்டிக்

கைவளை நீட்டிப் போட்டுக்கொள்ளலாம், கொக்கி வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பத்துப் பேருக்கு ஒரே அளவு ஓரளவு பொருந்தும். சந்தை மேசையில் வேகமாக விற்பதும் இதுதான். நான் இதற்கு எதிரி இல்லை, ஆனால் இதை நிரந்தர நகை போலச் சொல்லி விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. வெளிச்சம், வியர்வை, கிரீம் எல்லாம் சேர்ந்து எலாஸ்டிக்கை மெல்ல மெல்லத் தின்னும். அறுவதற்கு முன் பெரும்பாலும் தொய்வு காட்டும், ஆனால் அதைக் கவனிப்பவர் யார்?

செய்வதாக இருந்தால், கோர்க்கும் முன் நன்றாக இழுத்துவிடுங்கள். துளைக்குள் போகும் அளவுக்கு அதிகபட்சத் தடிமன் எடுங்கள், 6, 8 மி.மீ. மணிகளுக்கு 0.7 அல்லது 0.8 சரியாக இருக்கும். இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டு, வளைந்து கொடுக்கும் பசை ஒரு சொட்டு வைத்து, முடிச்சைப் பெரிய துளை மணிக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். நொடியில் காயும் பசை வேண்டாம், அது எலாஸ்டிக்கை விறைப்பாக்கி அந்த இடத்திலேயே உடைத்துவிடும்.

அளவில் ஒரு கணக்கு இருக்கிறது, எந்தக் கைவளைக்கும் பொருந்தும். மணி தடிக்கத் தடிக்க உள்சுற்று குறையும், மணியின் விட்டத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. 8 மி.மீ. மணியில் 18 செ.மீ. கோர்த்தால் உள்ளே கைக்குக் கிடைப்பது 15.5 செ.மீ.தான். 12 மி.மீ. மணியென்றால் 14.2. இறுக்கமாகிப் போன கைவளையில் எலாஸ்டிக் எப்போதும் இழுபட்டே கிடக்கும், அதன் ஆயுள் அப்போதே பாதி.

மாலைக்கு எலாஸ்டிக் வேண்டாம். தன் எடைக்கே நீண்டு தொங்கும்.

## கம்பியில் கண்ணி

ஒவ்வொரு மணியாகக் கம்பியில் போட்டு, இரு பக்கமும் கண் வளைத்து, சங்கிலி போலக் கோப்பது. உராய்வுக் கவலை அறவே இல்லை, உள்ளே உலோகம்தான். ஒரு கண்ணி பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். குறைந்த மணியில் நீளம் கிடைக்கும், அதனால் விலை கூடிய கல் நான்கைந்து மட்டும் கையில் இருந்தால் இதுதான் வழி. கம்பித் தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் ஏற ஏற கம்பி மெலியும்: 22 கேஜ் கம்பி 0.64 மி.மீ., 24 கேஜ் 0.51 மி.மீ. முத்துக்கு 24, அதுவும் நுழையாவிட்டால் 26.

வெறுமனே வளைத்த கண் இழுபட்டால் திறந்துகொள்ளும், தன் அடியில் கம்பியைச் சுற்றி முடித்த கண் திறக்காது. விற்பனைக்கு இரண்டாவதுதான் செய்ய வேண்டும், அதற்கு ஒவ்வொரு மணியையும் முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஒரு நாளைக்குப் பத்து மாலை என்றால் மணிக்கட்டு வலிக்கும். வெட்டிய முனையை உள்ளே அழுத்தாவிட்டால் முடியிலும் பின்னல் ஆடையிலும் மாட்டும். உலோகம் நேராகத் தோலில் படுவதால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பு சிலர் தோலில் பச்சையாக இறங்கும்.

## ஒரே பார்வையில்

| எதில் | எந்த மணிக்கு | நேரம் | எப்படிப் பழுதாகும் |
|---|---|---|---|
| பட்டு | முத்து, வழவழப்பான லேசான மணி | மிக அதிகம் | நீண்டு இடைவெளி காட்டும், கொக்கியருகே அறும் |
| நைலான், பாலியஸ்டர் | கண்ணாடி, மரம், விதை | முடிச்சிட்டால் அதிகம் | பிசிறு எழும், தொய்யும் |
| பின்னல் தூண்டில் நூல் | சிறு மணிப் பின்னல், கிரிஸ்டல் | பின்னலைப் பொறுத்தது | முடிச்சு அவிழும் |
| எஃகு இழைக் கம்பி | கல், உலோகம், கனமானவை | குறைவு | கிரிம்ப் திடீரென நழுவும் |
| எலாஸ்டிக் | கைவளை மட்டும் | மிகக் குறைவு | தொய்ந்து அறும் |
| கம்பிக் கண்ணி | குறைந்த எண்ணிக்கைக் கற்கள் | அதிகம் | கண் திறக்கும், அந்த ஒன்றை மாற்றலாம் |

## உங்களுக்கு எது

உங்களுக்காக மட்டும் செய்துகொள்கிறீர்கள் என்றால் மறுபடி கோர்ப்பதைப் பாரமாக நினைக்காதீர்கள், பட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். கை பழகப் பழக முடிச்சு மணியோடு ஒட்டி உட்காரும் அந்த நிமிடம் உண்மையிலேயே சந்தோஷமானது.

முன்பின் தெரியாதவருக்கு, தொலைவில் இருப்பவருக்கு அனுப்புகிறீர்கள், திரும்பி வந்தால் அஞ்சல் செலவும் உங்கள் தலையில் என்றால் 49 இழைக் கம்பியும் ஒழுங்காக மடித்த கிரிம்பும். இங்கே தயங்க வேண்டாம். முத்து மட்டும் விதிவிலக்கு, அதை நைலானில் முடிச்சிட்டு அனுப்புவேன், எப்போது மறுபடி கோர்க்க வேண்டும் என்று ஒரு சிறு சீட்டோடு.

பக்கத்தில் இருப்பவர்களுக்கே விற்கிறீர்கள், பழுதானால் கொண்டு வந்து தருவார்கள் என்றால் உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. அப்போது பட்டு கூட நல்ல தேர்வு, மறுகோர்ப்புக்குத் தனியாகக் கூலி வாங்கலாம். எலாஸ்டிக் கைவளை விற்றால் ஒருமுறை இலவசமாக மாற்றிக் கொடுங்கள், உங்களுக்கு ஆவது ஐந்து நிமிடமும் ஒரு முழம் எலாஸ்டிக்கும்தான், வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது குறைவு.

சிறு மணிப் பின்னல் செய்பவர்களுக்கு இந்தக் கடைசி யோசனை: ஒரு வேலைக்கு முப்பது மணி நேரம் போடுகிறீர்கள், அதில் நூலின் விலை ஒரு துளி. எந்தக் காரணத்துக்காகவும் மலிவு நூல் எடுக்காதீர்கள், நடுவில் அறுந்த பின்னலை வெளியே தெரியாமல் சேர்ப்பது புதிதாகப் பின்னுவதைவிடக் கஷ்டம்.

புது நூலோ கம்பியோ எது வாங்கினாலும் முதல் நகையை நானே இரண்டு வாரம் போட்டுக்கொள்கிறேன். கழற்றாமல், கை கழுவும்போதும் வேலை செய்யும்போதும் அப்படியே. பிறகு ஓர் இரவு கொக்கியில் தொங்கவிட்டு, காலையில் நீளத்தை அளந்து, கொக்கியருகே ஒரு சென்டிமீட்டரை லென்ஸில் பார்ப்பேன். அந்த ஒரு சென்டிமீட்டர் சுத்தமாக இருந்தால்தான் அடுத்ததைக் கோர்ப்பேன்.